அண்ணே, லைட்டு எரியுது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கமணி சுட்ட தோசையும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கோவில்பட்டியிலிருந்து மச்சினன் போன்.

"அத்தான், புது பைக்குல லைட்டு பகல்லயும் எரியுது. அணைக்க சுவிட்சே இல்ல. ரோட்ல போறவன் வாரவன் பூரா கையக் காட்டுதான். மெக்கானிக் ஒரு சுவிட்ச் வச்சித் தாரேங்கான். வச்சிரவா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. "அப்புறம் டெல்லில காஷ்மீரி கேட்டுல கார் சாமானெல்லாம் சல்லிசா கிடைக்கும்லா? நம்ம பழைய காருக்கு முன்னால வெள்ளையா பளிச்சுனு எரியுமே, அந்த எல்.இ.டி. பட்டை ஒரு செட்டு வாங்கிட்டு வாங்க."

பைக்கில் எரிகிற விளக்கை அணைக்க வேண்டும். காரில் இல்லாத விளக்கை எரிய வைக்க வேண்டும். இரண்டும் ஒரே வாயில், ஒரே மூச்சில் :-)

சிரித்துவிட்டு "ரெண்டு நாள் பொறு மாப்ள, யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க மனசு அதிலேயே சுற்றியது. காரணம், ஜனவரியில் எனக்கு நடந்த ஒன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும் இந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது, எப்படி நம்ம ஊர் பைக் வரைக்கும் வந்து சேர்ந்தது என்பது நல்ல சுவாரஸ்யமான கதை.

குளிர் தேசத்தில் பிறந்தது

நம் ஊரில் சூரியன் தலைக்கு மேலே நின்று மண்டையைப் பிளக்கும். ஃபின்லாந்தில் அப்படி இல்லை. டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கி நகரத்தில் பகல் என்பதே ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த ஆறு மணி நேரமும் சூரியன் அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்துவிட்டுப் போய்விடும். காலையா மாலையா என்று தெரியாத ஒரு மங்கல். அந்த மங்கலில் சாம்பல் நிற ரோட்டில் சாம்பல் நிறக் கார் வந்தால், அது கார் என்று கண் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடும்.

அதனால் 1972இல் ஃபின்லாந்து ஒரு சட்டம் போட்டது. குளிர்காலத்தில், ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில், பகலிலும் விளக்கு எரிய வேண்டும். அதை 1982இல் வருடம் முழுவதற்கும் நீட்டினார்கள். 1997இல் ஊருக்குள் இருக்கும் தெருக்களுக்கும் கொண்டு வந்தார்கள். ஒரேயடியாகத் திணிக்காமல், இருபத்தைந்து வருடத்தில் படிப்படியாக.

பக்கத்து வீட்டுக்காரரான ஸ்வீடன் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. 1977 அக்டோபரில், எல்லா சாலையிலும், எல்லா மாதத்திலும், எல்லா வண்டியும் பகலில் விளக்கோடுதான் ஓட வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டது. வால்வோ, சாப் கம்பெனிகள் இதற்கென்றே முன்பக்கத்தில் 21 வாட் பல்பு வைத்துக் கார் செய்தன. ஸ்வீடிஷ் மொழியில் அதற்கு வார்செல்யூஸ் என்று பெயர். நம் மொழியில் அறிவிப்பு விளக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயரில்தான் விஷயமே இருக்கிறது. ஹெட்லைட் நாம் பார்ப்பதற்கு. இந்த விளக்கு நம்மை அடுத்தவன் பார்ப்பதற்கு. ரோட்டில் வெளிச்சம் விழ வேண்டிய அவசியமே இல்லை. "இதோ நான் வந்துகொண்டிருக்கிறேன்" என்று எதிரில் வருபவனின் கடைக்கண்ணுக்குச் சேதி போனால் போதும். மாட்டு வண்டியில் மணி கட்டினார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. அது காதுக்கு, இது கண்ணுக்கு.

நார்வே 1985இல் புதுக் கார்களுக்கும் 1988இல் எல்லாக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அதே 1988இல் ஐஸ்லாந்து. 1990இல் டென்மார்க். ஆக, வடக்கு ஐரோப்பா முழுக்கப் பகலில் விளக்கேற்றியாகிவிட்டது.

பலன் இருந்ததா?

இங்கேதான் சண்டை ஆரம்பம். ஸ்வீடனில் 1981இல் வந்த ஒரு ஆய்வு, பகலில் வண்டிகள் ஒன்றோடு ஒன்று மோதுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதாகச் சொன்னது. ஊரெல்லாம் இதையே மேற்கோள் காட்டினார்கள். 1995இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, "இந்த எண்களை வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது" என்று கொக்கி போட்டார்கள். சட்டம் வந்த அதே காலத்தில் சாலை, கார், ஓட்டுபவர் என்று எல்லாமும் மாறிக்கொண்டுதானே இருந்தது? எது எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இந்த வாதம் இன்றுவரை முழுசாக ஓயவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கனடா போட்டது, அமெரிக்கா யோசித்தது

கனடாவும் குளிர் தேசம்தான். 1989 டிசம்பர் 1க்குப் பிறகு தயாராகும் புது வண்டிகளில் பகல் விளக்கு கட்டாயம் என்றது. ஸ்வீடனில் சட்டம் ஓட்டுநரைப் பிடித்தது. கனடாவில் அது கம்பெனியைப் பிடித்தது. தானாக எரியும்படி செய்து கொடுத்துவிட்டால் எவனும் மறக்க வழியில்லை அல்லவா?

கம்பெனிகள் செலவைக் காட்டி முனகின. கடைசியில், தனி விளக்குதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், இருக்கிற விளக்கையே மங்கலாக எரிய விட்டாலும் சரி என்று பல வழிகளை அனுமதித்தார்கள். அதில் ஒன்று நம் ஆட்கள் கண்டுபிடித்தது போலவே இருக்கும். இரண்டு ஹை பீம் பல்புகளையும் வரிசையாக இணைத்துவிடுவது. 12 வோல்ட் இரண்டாகப் பிரிந்து ஆளுக்குப் பாதி. பல்பும் மங்கலாக எரியும், கூடுதல் சாமானும் அதிகம் வேண்டாம்.

அமெரிக்கா 1993இல் இதை அனுமதித்தது. கட்டாயம் இல்லை, விரும்பினால் வைக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல்களில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கார்கள் எல்லாவற்றிலும் வைத்தது. அங்கேதான் "இதை எப்படி அணைப்பது?" என்ற கேள்வியும் பிறந்தது. எதிரில் வருகிறவனுக்குக் கண் கூசுகிறது என்று புகார். அங்கே 7000 கேண்டெலா வரைக்கும் பிரகாசத்தை அனுமதித்திருந்தார்கள், கூசாமல் என்ன செய்யும்? திறந்தவெளி சினிமாவில் காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் ஊர் அது. இன்ஜினைப் போட்டால் விளக்கு எரிந்து திரையைக் கெடுக்கும். சிலர் ஃபியூஸைப் பிடுங்கினார்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரு பல் இழுத்துவிட்டால் பல கார்களில் விளக்கு அணைந்துவிடும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மனுஷன் எந்த ஊரானாலும் ஒன்றுதான்!

அதே கம்பெனி 2001இல் இதை எல்லா வண்டிக்கும் கட்டாயமாக்குங்கள் என்று அரசிடம் மனு போட்டது. அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை ஆய்வு செய்தது. மொத்தத்தில் விபத்து குறைந்ததாகப் புள்ளிவிவரப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. 2009இல் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

ஐரோப்பாவின் குழப்பமும் தீர்வும்

ஆஸ்திரியா 2005 நவம்பரில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 ஜனவரி 1 முதல் வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டது. எல்லாக் காரிலும் விளக்கு எரிந்தால், விளக்கே இல்லாத நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் கண்ணில் படாமல் போய்விடுவார்களே என்ற கவலை. மோட்டார் சைக்கிள் சங்கங்களும் குரல் கொடுத்தன. "இதுவரை பகலில் விளக்கு என்றால் பைக் என்று தெரிந்தது. எல்லோரும் போட்டால் எங்களை எப்படித் தனியாகக் கண்டுபிடிப்பான்?" நியாயமான கேள்வி. எல்லோரும் கத்தினால் யார் குரலும் கேட்காது.

இதற்கு நடுவே தொழில்நுட்பம் ஒரு வழி காட்டியது. எல்.இ.டி. 2004இல் ஆடி கம்பெனி தன் ஏ8 காரின் 12 சிலிண்டர் மாடலில் பகல் விளக்கை எல்.இ.டி.யில் வைத்தது. ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட் சாப்பிடும், அதோடு பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு வேறு. எல்.இ.டி. பகல் விளக்கோ அதில் ஒரு சிறு பங்கோடு முடித்துக்கொள்ளும். மின்சாரம் ஆல்டர்னேட்டரில் இருந்து, ஆல்டர்னேட்டர் இன்ஜினில் இருந்து, இன்ஜின் பெட்ரோலில் இருந்து. ஆகவே பெட்ரோல் செலவு என்ற எதிர்ப்பு பாதி அடங்கிவிட்டது.

2008இல் ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவு போட்டது. 2011 பிப்ரவரி முதல் புது மாடல் கார்களுக்கும் சிறு வேன்களுக்கும், 2012 ஆகஸ்ட் முதல் லாரி, பஸ்ஸுக்கும் தனிப் பகல் விளக்கு கட்டாயம். பிரகாசத்துக்கும் அளவு வைத்தார்கள். 400 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது, 1200ஐத் தாண்டக் கூடாது. கண்ணில் பட வேண்டும், ஆனால் கூசக் கூடாது. இரண்டு விளக்குக்கும் இடையே குறைந்தது 600 மில்லிமீட்டர் இடைவெளி. தரையிலிருந்து உயரம் 250 முதல் 1500 மில்லிமீட்டருக்குள். ஹெட்லைட் போட்டால் இது தானாக அணைய வேண்டும்.

அதன் பிறகு கார் கம்பெனிகளுக்கு இது முகத்துக்குப் பொட்டு வைத்தது போல் ஆகிவிட்டது. விளக்கைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். பாதுகாப்புக்கு வந்தது அலங்காரமாகி, அலங்காரமாகத்தான் மச்சினன் கண்ணிலும் பட்டிருக்கிறது.

நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?

"அதெல்லாம் இருட்டு தேசம் சார். நம்ம வெயில்ல விளக்கு எதுக்கு?" ஆபீசிலும் இதே கேள்வி, ஊரிலும் இதே கேள்வி. பதில் சொல்ல ஃபின்லாந்து போக வேண்டாம். நம் சொந்தக்காரர்கள் நிறைய பேர் வாழும் மலேசியா போதும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நாடு. ரோடு நிறைய மோட்டார் சைக்கிள். அங்கே 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் ஹெட்லைட் போட வேண்டும் என்று முதலில் பிரசாரம், பிறகு சட்டம். "கண்ணில் படாததால் நடந்தவை" என்று வகைப்படுத்திய மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்தன என்று அங்கேயே ஆராய்ந்து எழுதினார்கள். சிங்கப்பூரும் 1995இல் அதே விதியைக் கொண்டு வந்தது.

கவனித்தீர்களா? காருக்குப் பலன் எவ்வளவு என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பைக் விஷயத்தில் கதை வேறு. காரணம் எளிது. எதிரே வரும் பைக்கின் அகலம் ஒரு ஆளின் தோள் அகலம்தான். வலது பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார்க்காரர் எதிர்ப்பக்கம் பார்க்கிறார். கண் பெரிய உருவங்களைத் தேடுகிறது. பஸ் இல்லை, லாரி இல்லை, திரும்பிவிடுகிறார். பைக் அங்கேதான் இருந்தது. பார்த்தார், ஆனால் பதியவில்லை. "நான் பாக்கவே இல்ல சார்" என்று பிறகு போலீசில் அவர் சொல்வது பொய் இல்லை. அந்த அரை வினாடியில் மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி இருந்திருந்தால் கண் அங்கே நின்றிருக்கும்.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் இருந்தது, இதைப் பரிந்துரைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. அப்போதுதான் சுவிட்ச் காணாமல் போனது.

அந்த விதியில் கார் இல்லை. ஆக, மச்சினன் எதை அணைக்க நினைத்தானோ அதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. எதை மாட்ட ஆசைப்பட்டானோ அது பாதி அலங்காரம்.

ஜனவரியில் நடந்தது

இப்போது என் கதை. கொசுவத்தி சுத்திக்கொள்ளுங்கள்.

நொய்டாவுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. இங்கே டிசம்பர், ஜனவரி பனிமூட்டம் எப்படி இருக்கும் என்று நம் ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பானட்டுக்கு முன்னால் உலகம் முடிந்துவிடும். மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். தாஜ்மகால் பார்க்க ஆசை. காலை ஒன்பது மணிக்கு யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினோம். பின் சீட்டில் அவர்கள் இரண்டு பேர், நடுவே என் மகள்.

ஏறும்போது மூட்டம் லேசாகத்தான் இருந்தது. போகப் போகக் கெட்டியானது. என் கார் முன்னால் வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிகிறது. உள்ளே டேஷ்போர்டும் ஜகஜ்ஜோதியாக இருக்கிறது. விளக்கு எரிகிறது என்றே நினைத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று பின்னால் லாரி ஹாரன். அப்படி ஒரு அலறல். கண்ணாடியில் பார்த்தால் பின் கண்ணாடி முழுக்க லாரியின் முகம். டயர் தேய்ந்த சத்தம் கேட்டது. எத்தனை அடியில் நின்றது என்று தெரியாது. மாமியார் "முருகா" என்றது மட்டும் காதில் இருக்கிறது.

அடுத்த டீக்கடை வந்ததும் ஒதுங்கினேன். லாரிக்காரரும் பின்னாலேயே வந்து நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வயசானவர். அமைதியாக என் காரின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். "பாய் சாப், பின்னால ஒண்ணுமே எரியல. நீங்க அங்க இருந்ததே எனக்குத் தெரியல" என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பகல் விளக்கு முன்னால் மட்டும்தான் எரியும். பின் விளக்கு எரியாது. அடுத்தவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பிறந்த விளக்கு, என்னைப் பின்னால் வந்தவனுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது. தப்பு விளக்கின் மேல் இல்லை. ஹெட்லைட் சுவிட்சைத் திருகாத என் மேல்.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கனடாவில் இப்படிப் பின்னால் இருட்டாக ஓடும் கார்களுக்குப் பேய் வண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பகல் விளக்கைக் காரிலேயே பொருத்தச் சொன்ன அதே நாடு, 2021 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு இன்னொரு விதி போட்டது. பகல் விளக்கோடு பின் விளக்கும் சேர்ந்து எரிய வேண்டும். அல்லது இருட்டானால் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஹெட்லைட் போடும் வரை டேஷ்போர்டு இருட்டாகவே இருக்க வேண்டும், ஓட்டுபவனுக்கு உறைக்கட்டும் என்று. 1989இல் போட்ட விதியின் ஓட்டையை அடைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மச்சினனுக்குச் சொன்னது

ரெண்டு நாள் கழித்துப் போன் போட்டேன்.

"மாப்ள, பைக்குல சுவிட்ச் வைக்காத. பேட்டரி தீரும்னு மெக்கானிக் சொன்னா நம்பாத, இன்ஜின் ஓடும்போதுதான் அது எரியும். நாலு பேரு கையக் காட்டுதான்னா, அந்த நாலு பேரும் உன்னப் பாத்துட்டான்னு அர்த்தம். அதுக்குத்தான் அந்த லைட்டே."

"கார் லைட்டு?"

"சும்மா பட்டை வேண்டாம். கண்ணாடியில ஆர்.எல்.னு முத்திரை குத்தின விளக்குன்னா அளவுக்குச் செஞ்சது, அது வேணா வாங்கிட்டு வாரேன். ஒயரை வெட்டி ஒட்டாம, ஃபியூஸ், ரிலே வச்சு, சாவி திருப்பினா மட்டும் எரியற மாதிரி மாட்டச் சொல்லு. ஹெட்லைட் போட்டா அது அணையணும். ஒண்ணு மட்டும் மறக்காத. மழை, மூட்டம், சாயங்காலம்னா சுவிட்சைத் திருகு. முன்னால எரியறத நம்பி உக்காந்துராத."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அத்தான், அம்மா அன்னைக்கு நடந்தத எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றான்.

மாமியார் ஊருக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. மருமகன் பேர் கெடக் கூடாது என்று நினைத்திருப்பார். இப்போது நானே சொல்லிவிட்டேன். பரவாயில்லை.

போன வாரம் மச்சினன் பேசினான். யாராவது "அண்ணே, லைட்டு எரியுது" என்று விரலை விரித்து மடக்கிக் காட்டினால், இவனும் பதிலுக்குக் கும்பிடு போடுகிறானாம். கோவில்பட்டியில் பாதிப் பேர் இப்போது தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள் என்கிறான்.

பி.கு: இன்று சாயங்காலம் ஒரு தடவை, வண்டியை வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு சுவிட்சைத் தொடாமல் இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. வடக்கே இருப்பவர்கள் டிசம்பருக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.